நகரங்களில் சிறு பஸ்

"பஸ்" என்று நாம் வழங்கும் சொல் ஒரு முழுச் சொல்லன்று; ஒரு சொல்லின் வால். "ஆம்னிபஸ்" என்னும் லத்தீன் சொல்லுக்கு "எல்லோருக்கும்" என்பது பொருள். 1820களில் பிரான்ஸ் தேசத்தில், காசு கொடுப்பவர் எவராயினும் ஏறிச் செல்லலாம் என்ற ஏற்பாட்டில் குதிரை பூட்டிய நீண்ட வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவற்றிற்கு அப்பெயர் வாய்த்தது. பின்னர் ஆங்கிலேயர் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். வெட்டுண்ட தலை தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மில் பலர் சென்னையில் ரயிலைவிட்டு இறங்கி, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஏறுகின்ற தனியார் சொகுசு வண்டிக்கு "ஆம்னி பஸ்" என்றே பெயர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது எல்லோருக்குமான வண்டியன்று. பேசி அமர்த்திய ஒப்பந்த வண்டி.

இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால்தான் நகரங்களில் சிறு பஸ் வந்த வரலாறு விளங்கும். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1988ஆம் ஆண்டின் சட்டமும் பிரயாணி வண்டிகளை இரண்டு இனமாகப் பிரித்தன. வழியிலுள்ள நிறுத்தங்களில் ஆளுக்கொரு கட்டணம் பெற்று ஏற்றி இறக்கும் வண்டி ஓர் இனம். முழு வண்டியையும் ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்திச் செல்வது மற்றோர் இனம். முதல் இனம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் அரசாங்கக் கழகங்களின் கைக்குப் போயிற்று. இரண்டாவது, செல்வர்க்கும் சுற்றுலாவினர்க்கும் என்று இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சந்து இருந்தது. நம் கதையின் நாயகன் அந்தச் சந்துக்குள் நுழைந்தவன்.

சிறு பஸ் ஏன் வேண்டும்? ஒரு குடியிருப்பிலிருந்து மணிக்கு அறுபது பேர் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேர் ஏறக்கூடிய பெரிய பஸ் மணிக்கு ஒன்று வந்தால் போதும் என்று கணக்கர் சொல்வார். பதினைந்து பேர் ஏறும் வண்டி கால்மணிக்கு ஒன்று வருவதையே பிரயாணி விரும்புவார். கணக்கர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வண்டி சிறிதாயினும் ஓட்டுநர் ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளத்தை அறுபது பேரிடம் பங்கிடுவதும் பதினைந்து பேரிடம் பங்கிடுவதும் ஒன்றாகா. ஆகையால் சிறு வண்டியில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு எப்போதும் கூடுதல். அந்தக் கூடுதலைப் பிரயாணி கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா, அல்லது ஓட்டுநர் தம் உடம்பை வருத்தியும் பிறர் உயிரைப் பணயம் வைத்தும் ஈடுகட்டுவதா என்னும் கேள்விக்கு ஒவ்வொரு நகரமும் ஒரு விடை கண்டது. தலைநகராகிய டெல்லி, எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தது.

1947இன் பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கானோர் டெல்லியில் வந்து குவிந்தனர். நகரில் அன்று இருந்த வாகன வசதி மிகச் சொற்பம்: பழைய டெல்லியின் டிராம், டாங்கா வண்டி, குவாலியர் கம்பெனி ஒன்று நடத்திவந்த சில பஸ்கள். அந்தக் கம்பெனியின் பஸ்களை 1948 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அகதிகளாக வந்தவர்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் ஓட்டி, யுத்தம் முடிந்ததும் உபரியாக விட்டுச் சென்ற கனத்த ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களை அவர்கள் விலைக்கு வாங்கினர். பின்சக்கரத்தை எடுத்துவிட்டு அங்கே இருசக்கர அச்சொன்றைப் பொருத்தினர். அதன்மேல் எதிரெதிரே இருக்கைகளும் கூரையும் அமைத்தனர். ஆறுபேர் முதல் எட்டுப்பேர்வரை அதில் நெருக்கியடித்து அமரலாம். அது எழுப்பிய ஓசையைக் கொண்டு ஜனங்கள் அதற்கு "பட்பட்டியா" என்று பெயரிட்டனர்.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து கன்னாட் பிளேஸுக்கு ஓடிய அந்த வண்டிகளே டெல்லியின் முதல் மினி பஸ்கள் என்று நாம் துணிந்து சொல்வோம். "மினி" என்னும் அடைமொழி நாகரிகமாவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அவை ஓடின. பெட்ரோல் எஞ்சின் தேய்ந்தபின் பல வண்டிகளில் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். ஓசையும் புகையும் மிகுந்தன. 1998இல், நகரின் காற்று மாசுபற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் அவை தெருவிலிருந்து அகன்றன. அவற்றின் இடத்தில் வந்த நான்கு சக்கர வண்டிகள் "பட்பட்" என்று ஓசை எழுப்புபவையல்ல. ஆயினும் "பட்பட் சேவா" என்ற பெயர் போக்குவரத்துத் துறையின் ஏடுகளிலேயே ஏறிவிட்டது.

அரசாங்க பஸ்ஸின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1958இல் அது நகராண்மைக் கழகத்தின் பொறுப்புக்குச் சென்றது. 1971இல் டெல்லிப் போக்குவரத்துக் கழகமாக மீண்டும் மத்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1996இல் டெல்லி அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கை மாறியதே தவிர, நிறுத்தத்தில் நின்றவர் தொகை குறையவில்லை. கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்து மத்தியச் செயலகத்துக்குச் சென்றுவந்த தமிழர் பலருக்கு "சார்ட்டர்டு பஸ்" நினைவிருக்கும். மாதச் சந்தா கட்டி, ஒரே அலுவலக வட்டாரத்தினர் கூடி அமர்த்திய வண்டி அது. சட்டப்படி அது ஒப்பந்த வண்டி. நடைமுறையில், வழியில் கை காட்டியவரையும் ஏற்றிக்கொண்ட வண்டி. சந்து அங்கேயும் திறந்தது.

மினி பஸ் தன் சொந்தப் பெயரோடு, முறையான அனுமதியோடு நிலைபெற்ற நகரம் கல்கத்தா. அங்கே அரசாங்கக் கழகம் 1960இல் அமைந்தது. 1970களில் தனியார் உரிமையாளர்களுக்கு மினி பஸ் அனுமதிகள் வழங்கப்பட்டன. ஒரு வண்டி, இரண்டு வண்டி என்று வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் தடத்துக்குத் தடம் சங்கம் அமைத்து, வண்டிகள் புறப்படும் முறையைத் தாங்களே வகுத்துக்கொண்டனர். அரசாங்க பஸ்ஸைவிடச் சற்று அதிகமான கட்டணத்தைப் பிரயாணி கொடுத்தார். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் அந்தச் செந்தவிட்டு நிற வண்டிகளில் டல்ஹௌசி சதுக்கத்துக்கு, தாழ்ந்த கூரைக்குப் பணிந்து தலை குனிந்து நின்று சென்றிருப்பர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வர்த்தக வண்டிகள் ஓடலாகாது என்று 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட்டபின், பழையதை மாற்றிப் புதிது வாங்கப் பொருளில்லாத சிறு உரிமையாளர்கள் சங்கடத்துக்குள்ளாயினர். ஒற்றை வண்டிக்காரரின் பலமும் பலவீனமும் அதுவே: அவர் சிக்கனமாக நடத்துவார், ஆனால் அடுத்த வண்டிக்குச் சேமிக்க அவரால் இயலாது.

இனி, வண்டிகளின் பரம்பரையைச் சற்று நின்று நோக்குவோம். நம் நாட்டில் மினி பஸ் பெரும்பாலும் சிறு லாரியின் பிள்ளை. ஜெர்மனியில் ஹாம்பர்க்கை அடுத்த ஹார்பர்க்கில் விடால் என்னும் குடும்பத்தார் "டெம்போ" என்ற பெயரில் சிறு சுமை வண்டிகளைச் செய்து வந்தனர். அந்தப் பெயரைத் தாங்கி 1958இல் பஜாஜ் டெம்போ கம்பெனி நம் நாட்டில் எழுந்தது. அதன் மூன்று சக்கர வண்டி ஊரெங்கும் ஓடி, "டெம்போ" என்பதை ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல் ஓர் இனத்தின் பெயராகவே ஆக்கிவிட்டது. அடுத்து வந்த "மெட்டடார்" வேனும் அவ்வாறே. கல்யாணக் கோஷ்டியை ஏற்றிச் சென்ற வேன் எதுவாயினும் மெட்டடார்தான். சென்னைக்கருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சிறு வேன்களைச் செய்தது.

1980களின் நடுவில் ஒரு பெரும் போட்டி மூண்டது. சிறு லாரி செய்ய நான்கு ஜப்பானியக் கம்பெனிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நம் நாட்டாரோடு கூட்டுச் சேர்ந்தன. ஜாகிராபாதில் நிஸ்ஸான், டெல்லிக்கருகே சூரஜ்பூரில் டொயோட்டா, பஞ்சாபில் ரோப்பருக்கருகே மாஜ்தா, இந்தூருக்கருகே பீதம்பூரில் மிட்சுபிஷி. வண்டிகள் நேர்த்தியானவை, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டவை. ஆனால் உதிரி பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தன. 1985க்குப் பின் ஜப்பானிய நாணயமாகிய யென்னின் மதிப்பு மிக உயர்ந்தது. வண்டியின் விலையும் உடன் ஏறிற்று. அந்தச் சமயம் பார்த்து 1986இல் டெல்கோ கம்பெனி, தன் புணே பொறியாளர்கள் வகுத்த "டாட்டா 407" என்னும் வண்டியை இறக்கியது. பட்டறைக்காரர் எவரும் பழுது பார்க்கத்தக்க எளிய வண்டி அது. நிஸ்ஸான், டொயோட்டா கூட்டுகள் கை மாறின. ஸ்வராஜ் மாஜ்தாவும் ஐஷரும் மட்டும் பெயரோடு நீடித்தன. பள்ளிக் குழந்தைகளும் ஆலைத் தொழிலாளரும் இந்தச் சிறு லாரிகளின் சட்டத்தின்மேல் கூடு கட்டிய பஸ்களிலேயே நெடுங்காலம் பிரயாணம் செய்தனர். படிகள் உயரமாக இருப்பதும், பள்ளத்தில் வயிறு குலுங்குவதும் அதனாலேதான்: அடியில் இருப்பது சுமை வண்டி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1987இல் பஜாஜ் டெம்போ வெளியிட்ட "டிராவலர்", ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் வேனைத் தழுவியது. ஹரித்வாருக்கும் வைஷ்ணவி தேவிக்கும் குடும்பத்தோடு செல்லும் டெல்லித் தமிழர் இன்றும் "டெம்போ டிராவலர்" என்று கேட்டே அமர்த்துகின்றனர். கம்பெனி 2005இல் தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டதை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மீண்டும் டெல்லி. 1992இல் கழகத்தின் குறையை நிரப்பத் தனியார் பஸ்களுக்குத் தாராளமாக அனுமதி வழங்கினர். "ரெட்லைன்" என்று தொடங்கி, பெயர் கெட்டபின் "ப்ளூலைன்" ஆன அந்த வண்டிகள் சிறியவை அல்ல. எனினும் அவற்றை நாம் விட்டுவிட முடியாது. சிறு வண்டிக்காரரின் வியாதியே அவற்றைப் பீடித்தது. ஓட்டுநரின் வருமானம் அன்றாட வசூலைப் பொறுத்திருந்தது. முன்னால் செல்லும் வண்டியை முந்தினால் அடுத்த நிறுத்தத்துப் பிரயாணிகள் தமக்கு. முந்தாவிட்டால் வெறும் இருக்கை. 2007ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வண்டிகளால் மாண்டனர். ஓட்டுநரை வசைபாடுவது எளிது. அவரைப் பந்தயத்தில் ஓடவிட்டது அவருக்குக் கூலி கொடுத்த முறை என்பதே நம் கருத்து. 2010க்குப் பின் அவை படிப்படியாக விலக்கப்பட்டன.

இதற்கிடையே, நகர பஸ்கள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டுமென்று 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2002 முடிவதற்குள் அது நிறைவேறியது. அதே 2002 டிசம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. ரயில் நிலையம்வரை செல்வது எப்படி என்ற புதிய கேள்வியும் அதனுடன் வந்தது. விடையாக ஓடிய சிறு வண்டிகளின் பெயர்களைக் கவனியுங்கள். "ஆர்.டி.வி." என்பதன் விரிவு கிராமப் போக்குவரத்து வண்டி. ஷீலா தீட்சித் முதலமைச்சராக இருந்தபோது வந்தது "கிராமீண் சேவா". இந்தியாவின் தலைநகரில், கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், சிறு பஸ் ஓடவேண்டுமானால் கிராமம் என்ற வேஷம் போடவேண்டியிருந்தது! கிராமீண் சேவா வண்டியில் ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கே அனுமதி. அதில் பத்துப் பன்னிரண்டு பேர் மடங்கி அமர்ந்து செல்வதைக் காணாத டெல்லிவாசி இல்லை. ஆறுபேர் கட்டணத்தில் வண்டிக்குக் கட்டுபடியாகாது என்ற பழைய கணக்கே அங்கும் வேலை செய்தது.

நம் தாய்மாநிலத்தில் இக்கதை வேறு விதமாக நடந்தது. தமிழ்நாட்டில் 1997இல் பஸ் செல்லாத கிராமங்களுக்காகத் தனியார் மினி பஸ் திட்டம் வகுக்கப்பட்டது. தடத்தின் பெரும்பகுதி வேறு பஸ் ஓடாத சாலையாக இருக்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி; பெரிய பஸ்ஸோடு பந்தயம் ஓட அங்கே இடம் குறைவு. 2013 அக்டோபரில் சென்னை மாநகரின் உட்புறச் சாலைகளில் அரசாங்கமே 50 சிற்றுந்துகளை ஓட்டத் தொடங்கியது. 2025இல் மினி பஸ் திட்டம் விரிவாக்கப்பட்டது.

டெல்லியிலும் 2025 மே மாதத்தில் ஏறத்தாழ 400 மின்சாரச் சிறு பஸ்கள் "தேவி" என்ற பெயரில் புறப்பட்டன. வழக்கமான 12 மீட்டர் பஸ்ஸுக்கு மாறாக இவற்றின் நீளம் 9 மீட்டர், இருக்கைகள் 23. குடியிருப்புகளையும் மெட்ரோ நிலையங்களையும் இணைக்கும் குறுகிய தடங்களில் இவை ஓடுகின்றன. வண்டியைத் தருபவருக்கு வசூலில் பங்கில்லை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொடுக்கிறது. கூடுதல் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இம்முறை அரசாங்கம் "நான்" என்று சொல்லியிருக்கிறது. பந்தயத்துக்கு இனி காரணமில்லை. ஆனால் வசூலை நம்பிய ஓட்டுநர் நம்மைக் கைப்பிடித்து இழுத்து ஏற்றினார். கிலோமீட்டரை நம்பியவர் நிறுத்தத்தில் நிற்காமலே போனாலும் அவருக்கு நட்டமில்லை. ஆகையால் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு, எந்தெந்த நிறுத்தத்தில் நின்றது, எத்தனை மணிக்கு நின்றது என்பதையும் பார்த்தே பணம் கொடுக்கவேண்டியிருக்கிறது.