பழங்காலத் தானுந்துகளை வீட்டில் பேணுதல் (கலிபோர்னியா)

பழங்காலத் தானுந்துகளை வீட்டில் பேணுதல் என்பது, உற்பத்தி நின்றுபோன அல்லது வரலாற்று மதிப்புடைய தானுந்துகளை (கார்களை) ஆர்வலர்கள் தம் வீட்டு வளாகத்தில் வைத்துப் பாதுகாத்து, பழைய நிலைக்கு மீட்டெடுப்பதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இப்பொழுதுபோக்கு மாநில வாகனச் சட்டம், உள்ளாட்சி விதிகள், குடியிருப்புச் சங்க விதிகள் ஆகிய மூன்றிற்கும் உட்பட்டது. மீட்டெடுப்பு முடியாத தானுந்து பார்வைக்குக் கைவிடப்பட்ட வண்டி போலவே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்விதிகளின் மையச் சிக்கல் ஆகும்.

சிக்கலின் தன்மை

மீட்டெடுப்புப் பணி பல ஆண்டுகள் நீளக்கூடியது. அக்காலத்தில் பொறியும் சக்கரங்களும் கழற்றப்பட்டு, வண்டியின் உடல் தாங்கிகளின் மீது நிற்கும். உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குப் புதிய உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிது. ஆகவே அதே வகையைச் சேர்ந்த பழுதான வண்டி ஒன்றையும் ஆர்வலர்கள் வாங்கி வைப்பதுண்டு. இது உதிரிப்பாக வண்டி எனப்படும்.

அயலவரின் கவலைகளும் பொருளற்றவை அல்ல. அசையாது கிடக்கும் வண்டியில் எலிகள் குடியேறலாம். தேங்கும் நீரில் கொசு பெருகலாம். எண்ணெய் கசிந்து மண்ணில் கலக்கலாம். தெருவின் தோற்றம் கெடுவதும் முறையீட்டிற்குக் காரணமாகிறது. வாசிங்டன் நகரச் சீரமைப்பு தொடர்பான பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் (1954), அழகைப் பேணுவதும் பொதுநலத்தில் அடங்கும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மாநிலச் சட்டம்

கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 5050 முதல் 5052 வரையான பிரிவுகள் சேகரிப்பாளர்களைப் பற்றியவை. பிரிவு 5050 இப்பொழுதுபோக்கை ஊக்குவிப்பதைத் தன் நோக்கமாகக் கூறுகிறது. பிரிவு 5051 சேகரிப்பாளர், உதிரிப்பாக வண்டி முதலிய சொற்களை வரையறுக்கிறது. பிரிவு 5052 இன்படி, ஒரு சேகரிப்பாளர் பதிவுள்ள அல்லது பதிவற்ற, ஓடும் அல்லது ஓடாத வண்டிகளைத் தனியார் நிலத்தில் வைத்திருக்கலாம். அதற்கான நிபந்தனைகள் இரண்டு:

1. வண்டிகளும் அவை வைக்கப்பட்டுள்ள திறந்தவெளியும் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்காதவாறு பராமரிக்கப்பட வேண்டும்.
2. அவை பொதுமக்களின் பார்வைக்கு அப்பால் இருக்க வேண்டும். அல்லது வேலி, மரங்கள், புதர்கள், ஒளிபுகா உறை போன்றவற்றால் மறைக்கப்பட வேண்டும்.

தெருவில் ஓட்டாமல் வைத்திருக்கும் வண்டிக்கு, மாநில மோட்டார் வாகனத் துறையிடம் "திட்டமிட்ட இயக்கமின்மை" எனப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிவான வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டவோ நிறுத்தவோ கூடாது.

உள்ளாட்சி விதிகள்

கைவிடப்பட்ட, சிதைந்த, பிரிக்கப்பட்ட அல்லது ஓடாத வண்டிகளைப் பொதுத் தொல்லை எனக் கருதி அகற்றும் விதிகளை இயற்ற, பிரிவு 22660 நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் அதிகாரம் அளிக்கிறது. இத்தகைய விதிகளில் இடம்பெற வேண்டியவற்றைப் பிரிவு 22661 கூறுகிறது. பொதுவாக, அகற்றுவதற்கு முன் குறைந்தது 10 நாள் அறிவிப்புத் தரப்பட வேண்டும். உரிமையாளர் உரிய காலத்தில் கோரினால் பொது விசாரணை நடத்தப்பட வேண்டும். சட்டப்படி அமைந்த கட்டடத்தினுள், வெளியே தெரியாதவாறு முழுமையாக வைக்கப்பட்ட வண்டிக்கு விலக்கு உண்டு.

அகற்றலின் விளைவு கடுமையானது. அகற்றப்பட்ட வண்டியை மீண்டும் கட்டமைக்கவோ ஓடச் செய்யவோ கூடாது. வரலாற்று வாகனத் தகடு பெறத் தகுதியுள்ளவை போன்ற வண்டிகளுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. 1922 ஆம் ஆண்டிற்குப் பின் உருவாக்கப்பட்ட வண்டி அத்தகடு பெற, பொதுவாகக் குறைந்தது 25 ஆண்டு பழமையும் வரலாற்றுச் சிறப்பும் உடையதாக இருக்க வேண்டும். எனவே அறிவிப்புக் கிடைத்தவுடன் விசாரணை கோருவது உரிமையாளருக்கு இன்றியமையாதது.

வண்டியைத் தெருவில் விட்டுவைப்பதும் தீர்வாகாது. உள்ளூர் விதிக்கு மாறாக 72 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து நிற்கும் வண்டியை அகற்றப் பிரிவு 22651 இடமளிக்கிறது.

குடியிருப்புச் சங்கங்கள்

வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் வீடு வாங்குபவர், அக்குடியிருப்பின் உடன்படிக்கைக்கும் கட்டுப்பட்டவர் ஆவார். இச்சங்கங்கள் 1985 இல் இயற்றப்பட்ட டேவிசு-இசுட்டெர்லிங் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. முற்றத்தில் ஓடாத வண்டியை நிறுத்துவதற்கும், அங்கே பழுது பார்ப்பதற்கும் பல சங்கங்கள் தடை விதிக்கின்றன. ஆகவே வீடு வாங்குவதற்கு முன்பே உடன்படிக்கையைப் படித்தறிவது நன்று.

மறைப்பும் பாதுகாப்பும்

சட்டம் கேட்பது வண்டியை மறைப்பதையே. அதைக் காப்பதை அன்று. இவை இரண்டும் சில வேளைகளில் முரண்படுகின்றன. நெகிழித் தார்ப்பாய் பார்வையை முற்றாக மறைக்கும். ஆயினும் நிலத்திலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே தேக்கித் துருவை விரைவுபடுத்தும். தூசி படிந்த வண்டியின் மீது காற்றில் அசையும் உறை வண்ணப் பூச்சைத் தேய்க்கும். எனவே காற்றுப் புகும் உறையைப் பயன்படுத்துவதும், வண்டியைக் கழுவி உலர்த்திய பின் மூடுவதும், மண்ணில் அன்றித் தளமிட்ட இடத்தில் நிறுத்துவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. வேலியோ செடிவரிசையோ பார்வையை மறைக்குமிடத்தில் காற்றோட்டம் தடைப்படுவதில்லை.

நெடுநாள் நிற்கும் வண்டியில் மின்கல இணைப்பைத் துண்டித்தல், டயர்கள் தட்டையாகாதவாறு வண்டியைத் தாங்கிகளில் உயர்த்தி வைத்தல், புகைபோக்கியின் வாயைக் கம்பிவலையால் அடைத்தல் ஆகியனவும் வழக்கமாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், நீண்ட காலம் நிறுத்தும்போது அதை வடித்து விடுவதோ நிலைப்படுத்தி சேர்ப்பதோ உண்டு.

இவற்றையும் பார்க்க

- தானுந்து
- துருப்பிடித்தல்
- உள்ளாட்சி