செயினைக் கழற்றியவர்கள்

1898இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த கொலம்பியா சைக்கிள் விளம்பரங்களில் இரண்டு விலைகள் இருந்தன. செயின் வைத்த சைக்கிள் 75 டாலர். செயின் இல்லாதது 125 டாலர். ஒரு பொருளை எடுத்துவிட்டதற்கு 50 டாலர் கூடுதல்!

இன்று 'செயின் இல்லை, கிரீஸ் இல்லை, பராமரிப்பு இல்லை' என்று ஷாஃப்ட் வைத்த மின்சார சைக்கிள்களை விற்கிறார்கள். அந்த விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய விலைப்பட்டியல்தான் ஞாபகம் வரும்.

அப்போது செயினே புதுசுதான். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. பெடல் நடுவில், செயின் வழியாகப் பின்சக்கரம் சுழலும். நாம் இன்று ஓட்டுவது அதன் பேரப்பிள்ளையைத்தான். ஆனால் அன்றைய மண் சாலைகளில் திறந்து கிடந்த செயின் சீக்கிரம் தேய்ந்தது. பெண்களின் நீண்ட பாவாடை அதில் சிக்கியது. பாவாடை, வேட்டி, சேலை எல்லாம் செயினில் மாட்டிய அனுபவம் நமக்கும் உண்டு. செயின் கவர் சும்மா வரவில்லை.

செயினுக்குப் பதிலாக ஒரு தண்டு. அதன் இரு முனைகளிலும் கூம்பு வடிவப் பல்சக்கரங்கள், அதாவது பெவல் கியர். எல்லாம் குழாய்க்குள் மூடியிருக்கும். ஹார்ட்ஃபோர்டில் லீக் சைக்கிள் கம்பெனி 1890களில் இதைச் செய்துகொண்டிருந்தது. கொலம்பியாவின் முதலாளி ஆல்பர்ட் போப் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கினார். அவருக்கு அவசரம் இருந்தது. 100 டாலருக்கு விற்ற சைக்கிளை 1897இல் 75 டாலருக்கு இறக்க வேண்டியிருந்தது. சந்தை நிரம்பிவிட்டது. விலையை மறுபடி ஏற்ற ஒரு காரணம் வேண்டும். செயின் இல்லாத சைக்கிள் அந்தக் காரணம்.

ஓடாத வண்டி என்று சொல்லிவிட முடியாது. நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் உள்ளே ஒரு சிக்கல் இருந்தது.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 17 செ.மீ. கிராங்கில் எழுந்து நின்று மிதித்தால் கிடைக்கும் டார்க் சுமார் 115 நியூட்டன் மீட்டர். மாருதி 800 எஞ்சினின் உச்ச டார்க்கே 60க்கும் கீழேதான். மனிதக் கால் வேகம் குறைந்த, ஆனால் முரட்டுத்தனமான எஞ்சின். செயினில் இந்த விசையைப் பல பற்கள் பங்குபோட்டுக்கொள்ளும். பெவல் கியரில் ஒரு நேரத்தில் ஓரிரு பற்கள்தான் தாங்க வேண்டும். அழுத்தும்போது இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று தள்ளிவிடவும் பார்க்கும். ஃபிரேம் கொஞ்சம் வளைந்தாலும் பற்கள் சரியாகப் பொருந்தாது. செயின் அப்படியில்லை, லேசான கோணல் என்றால் வளைந்து கொடுத்துப் போய்விடும். 1923இல் பிஎம்டபிள்யூ ஆர்32 மோட்டார்சைக்கிளில் ஷாஃப்ட் ஜெயித்ததற்கும் இதுவே காரணம்: எஞ்சின் வேகமாகச் சுழலும், அதே பவருக்கு டார்க் குறைவு.

பிறகு பஞ்சர். ஷாஃப்ட் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது தனி வேலை. போப் பங்கேற்ற சைக்கிள் கூட்டு நிறுவனம் 1899இல் உருவாகி 1902இல் நொடித்தது. அதோடு அந்த அலையும் ஓய்ந்தது. டூர் டி ஃபிரான்ஸ் 1937இல் டிரெயிலர் கியரை அனுமதித்தபோது செயினின் வெற்றி முழுமையானது. பக்கவாட்டில் தாவி வேறொரு பல்சக்கரத்தில் உட்காரும் வித்தை தண்டுக்கு வராது.

மோட்டார் வந்ததும் கணக்கு மாறுகிறது, ஆனால் பாதிதான். 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு அளந்தபோது செயினின் செயல்திறன் 98.6 சதவீதம் வரை போனது. ஷாஃப்ட் இதைவிட 5 சதவீதம் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். காலால் மட்டும் ஓட்டுபவருக்கு அது ஒவ்வொரு மேட்டிலும் வலிக்கும். 500 வாட்-மணி பேட்டரிக்கு அது 25 வாட்-மணி. யாரும் கவனிக்க மாட்டார்கள். மோட்டார் பின்சக்கர ஹப்பிலேயே இருந்தால் ஷாஃப்ட்டின் மேல் காலின் சுமை மட்டும்தான். நகரத்துக்குள் மெதுவாகப் போகிறவருக்கு இது நியாயமான வண்டி. மோட்டார் பெடல் அருகே இருந்தால் கதை வேறு. பாஷின் மலையேறும் மோட்டார் ஒன்று 85 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதையும் காலையும் சேர்த்து அதே சின்னப் பற்கள் தாங்க வேண்டும். செயினும் அங்கே வேகமாகத் தேயும்தான். ஆனால் செயின் மலிவு, எங்கும் கிடைக்கும்.

2021இல் ஷெஃப்ளர் நிறுவனம் இரண்டையுமே தூக்கிவிட்டது. பெடல் ஜெனரேட்டரைச் சுற்றும், சக்கரத்துக்குப் போவது ஒயர் மட்டும். மின்சாரமாக்கி மறுபடி இயக்கமாக்கும்போது இழப்பு இன்னும் அதிகம். பழுதானால் பார்க்க லேப்டாப் வேண்டும்.

மென்பொருள்காரனாக எனக்கு இந்தக் கதை பழக்கமானது. எங்கள் வேலையிலும் எல்லாவற்றையும் அழகாக மூடிய பெட்டிகள் உண்டு. ஓடும்வரை சொர்க்கம். நின்றுவிட்டால் திறக்கத் தெரிந்தவர் எங்கோ இருப்பார். செயின் அழுக்கானது, சத்தம் போடும், கழன்றுவிழும். ஆனால் என்ன கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும். அறுந்தால் மரத்தடிக் கடைக்காரர் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு மீதியை இணைத்துக் கொடுப்பார். 125 டாலர் விளம்பரம் எதையெல்லாம் எடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னது. இந்தக் கடைக்காரரையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தார்கள்.