ஊர் துளியான கதை

இணையதளங்களின் உள்ளடக்கத்தை ஆளும் மென்பொருள்களுள் ஒன்று துருப்பல். அதன் உலக வழக்கு ஒலிப்பு ட்ரூபல். டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது, சொல்லின் தலையில் ஒற்றும் நில்லாது என்பதால் அதன் தொடக்கம் நம் நாவில் 'துரு' என நெகிழும். உயிர்களுக்கிடையே தனித்த பகரம் மெலிந்தொலிக்கும் என்பதால் வல்லோசை காக்க ஒற்று இரட்டிக்கும். வியப்பு என்னவென்றால், இதன் தாய்ச்சொல்லான 'துருப்பெல்' என்னும் டச்சுச் சொல்லிலும் அந்த எழுத்து இரட்டையே. அங்கே அது காப்பது முன்னுயிரின் குறுமையை.

துருப்பெல் என்றால் துளி. ஆனால் பெயர் வைக்க நினைத்தவர் மனத்தில் இருந்தது துளியன்று, ஊர். 2000-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவர் திரீஸ் பொய்டார்ட், விடுதித் தோழர்கள் செய்தி பரிமாற ஒரு சிறு தளம் எழுதினார். படிப்பு முடிந்தபின் அதை இணையத்தில் ஏற்ற அவர் தேடிய முகவரி 'தோர்ப்'. சிற்றூரைக் குறிக்கும் இந்த டச்சுச் சொல்லின் உடன்பிறப்புதான் டூசல்டோர்ஃப் என்னும் ஜெர்மன் ஊர்ப்பெயரின் ஈறும், ஸ்கன்தோர்ப் என்னும் ஆங்கில ஊர்ப்பெயரின் ஈறும். தட்டச்சில் நடுவிரு எழுத்துகள் இடம் மாற, தோர்ப் 'துரோப்' ஆயிற்று, ஆங்கிலத்தில் துளி. அது பிடித்துப்போகவே அப்பெயரையே பதிவு செய்தார். 2001 ஜனவரியில் மென்பொருளை வெளியிட்டபோது, துளியின் டச்சு வடிவை ஆங்கிலச் செவிக்கேற்ப எழுதித் துருப்பல் என்றார்.

எழுத்து நிலைமாறுதல் நமக்குப் புதிதன்று. தசை சதையாகிறது, விசிறி சிவிறியாகிறது, மிஞிறு ஞிமிறாகிறது. எழுத்து புரண்டும் பொருள் புரளவில்லை. தோர்ப்பிலோ எழுத்தோடு பொருளும் புரண்டது. ஆகவே அதைப் போலி என்னாமல் புதுப்பிறப்பு என்பதே தகும்.

எழுத்துப் பிசகில் பிறந்த இந்த மென்பொருள், தன் உள்ளே எழுத்துப் பிசகைப் பொறுக்காது. அதில் நெடுங்காலம் கூறுகளை இணைத்தது 'ஹூக்' என்னும் கொக்கி. கொக்கியின் உயிர் முழுதும் பெயரில்தான். 'காமெண்ட்_நோட்_வியூ' என்னும் செயற்கூற்றைப் பிரித்துப் பாருங்கள்: காமெண்ட் நிலைமொழி, கருத்துரைக் கூற்றின் பெயர், நோட்_வியூ வருமொழி, ஒரு பதிவு திரையில் தோன்றும் வேளை. இரண்டும் விகாரமின்றி இயல்பாகப் புணர்ந்தால், அவ்வேளை வரும்போது மையநிரல் அதைத் தேடி அழைக்கும். ஓரெழுத்து பிறழ்ந்தால் பிழைச்செய்தியும் வராது, அழைப்பும் வராது. எழுதியவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2015 நவம்பரில் வந்த 8-ஆம் பதிப்பு, சிம்ஃபனி என்னும் நிரல்தொகுப்பின் உறுப்புகளைத் தழுவிப் பொருள்நோக்கு நிரலாக்கத்துக்குப் பெரிதும் மாறியது. பக்கத்தில் ஒரு கட்டம் வேண்டுமெனில் இப்போது 'பிளாக்பேஸ்' என்னும் தாய் இனக்குழுவின் ('கிளாஸ்') வழியில் ஒரு சேய் இனக்குழுவை எழுதுகிறோம். அதற்கு 'பில்ட்' என்னும் செயற்கூறு இருந்தே ஆகவேண்டும் என்பது இடைமுகத்தில் எழுதிவைத்த ஒப்பந்தம். பெயரைப் பிழையாக எழுதினால், துருப்பல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியே ஓட மறுத்து, குறையைச் சொல்லி நின்றுவிடும். உறவு பெயரின் ஒலியொப்புமையில் தொங்காமல், வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது.

கொக்கிகளுக்கும் அந்த வாய்ப்பு 2024 டிசம்பரில் 11.1-ஆம் பதிப்போடு வந்தது. ஓர் இனக்குழுவுக்குள் செயற்கூற்றை எழுதி, அது எந்த வேளைக்குரியது என்பதைத் தலைக்குறிப்பில் தனியே சொல்லிவிடலாம். செயற்கூற்றுக்கு விரும்பிய பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். தலைக்குறிப்பில் மட்டும் எழுத்து பிசகக் கூடாது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகக் கூற்றையும் வேளையையும் சேர்த்தே சுமந்த புணர்மொழி பிரிந்து, பெயர் மறுபடி வெறும் பெயராயிற்று. பெயரை அழகாக வைக்க நிரலருக்கு இனித் தடையில்லை.