எண்ணுக்கும் மொழி உண்டு

"கணக்குக்கு மொழி எதற்கு? இரண்டும் இரண்டும் சேர்ந்தால் இலண்டனிலும் நான்கு, இலால்குடியிலும் நான்குதானே!" என்று கேட்பவர் பலர். கேட்கச் சுவையான வாதம். நாமும் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் அதை நம்பியவர்களே. ஆனால் அந்த வாதத்தை நம்பி, செல்வத்தில் சிறந்த ஒரு நாடு தன் பிள்ளைகளில் பல்லாயிரவரை வாயிருந்தும் பேசாதவராய், செவியிருந்தும் கேளாதவராய் வகுப்பறையில் உட்காரவைத்த வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டின் வரலாறு அது. அதனைச் சற்றே விரித்துரைப்போம்.

1928ஆம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் கொட்டூலா என்னும் சிற்றூர். மெக்சிக மரபில் வந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு இருபதே வயதான ஆசிரியர் ஒருவர் வந்துசேர்ந்தார். பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் வராது. ஆசிரியருக்கோ ஸ்பானிய மொழி அவ்வளவாக வராது. காலையுணவின்றிப் பசியோடு வந்த முகங்களை அவர் கண்டார். கண்டதை மறக்கவில்லை. 1965இல் குடியரசுத் தலைவராக நின்று, வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் முழங்கியபோது அந்தப் பள்ளியை நினைவுகூர்ந்தார். ஆம், அவர்தான் லிண்டன் ஜான்சன். 1968 ஜனவரி 2ஆம் நாள் இருமொழிக் கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்ட கை, அன்று கொட்டூலாவில் சுண்ணக்கட்டி பிடித்த கை!

ஆனால் அந்தச் சட்டம், விரும்பிக் கேட்ட பள்ளிகளுக்குப் பணம் தந்தது. விரும்பாத பள்ளியை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் வேலையைச் செய்தவர்கள் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனக் குடும்பத்தினர். 1970இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஆங்கிலம் அறியாச் சீனப் பிள்ளைகள் 2,856 பேர் அந்நகரப் பள்ளிகளில் இருந்தனர். ஏறத்தாழ 1,000 பேர்க்கே தனி ஆங்கிலப் பயிற்சி கிடைத்தது. எஞ்சிய 1,800 பேர் ஒன்றும் விளங்காத பாடத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தனர். கேட்டுக்கொண்டிருந்தனர் என்று எழுத நமக்கு மனம் வரவில்லை!

கீழ் நீதிமன்றங்கள் என்ன சொல்லின? எல்லோர்க்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம். இதில் வேற்றுமை எங்கே என்றன. ஒவ்வொரு மாணவனும் தனக்குரிய குறைநிறைகளோடுதான் பள்ளிக்கு வருகிறான் என்றும் தத்துவம் பேசின. 1974 ஜனவரி 21ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தத்துவத்தைத் தள்ளிவிட்டது. புரியாத மொழியில் பொதுவான பாடம் நடத்துவது சமன்மை ஆகாது என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். இதுவே லா எதிர் நிக்கல்ஸ் என்னும் பெயர்பெற்ற தீர்ப்பு.

உரிமை கிடைத்துவிட்டது. அந்த உரிமையைப் பிள்ளையின் பலகைக்குக் கொண்டுசேர்ப்பவர் யார்? ஆசிரியர். அந்த ஆசிரியருக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடவே அந்நாடு பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது.

1981இல் டெக்சாசின் ரேமண்ட்வில் ஊரிலிருந்து வந்த வழக்கொன்றை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. அங்கு 'இருமொழி ஆசிரியர்' என்று பட்டம் சூட்டப்பட்டவர்களில் சிலருக்கு ஸ்பானிய மொழி அரைகுறையாகத்தான் தெரியும். அவர்கள் பெற்ற பயிற்சி 100 மணி நேரம்; அதன் இலக்கு 700 சொற்கள். எழுநூறு சொல்லைக் கொண்டு சந்தையில் காய்கறி வாங்கலாம். பின்னம் விளக்க முடியுமா? மாணவனின் மொழித்தடையை நீக்க வந்தவரே தம் மொழித்தடையோடு நின்றால் திட்டத்தால் பயனில்லை என்று நீதிமன்றம் கண்டது. திட்டத்திற்கு நல்ல கொள்கை வேண்டும். அதை நடத்த ஆளும் பொருளும் வேண்டும். விளைவை அளந்து பார்க்கவும் வேண்டும் என்று மூன்று உரைகற்களையும் தந்தது.

அடுத்து, 1990இல் புளோரிடா. வழக்குத் தொடுத்த அமைப்புகளும் மாநிலக் கல்வி வாரியமும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் அனைவரும் பயிற்சி பெறவேண்டும். நல்ல முடிவு. ஆனால் கணக்கைப் பாருங்கள். மொழிப்பாட ஆசிரியருக்கு 300 மணி நேரம். கணக்கு, அறிவியல், சமூகப்பாட ஆசிரியர்களுக்கு 60 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்கு! 'கணக்குக்கு மொழி எதற்கு' என்ற பழைய வாதத்தின் நிழல் இந்த எண்ணில் படிந்திருப்பதாகவே நமக்குப் படுகிறது.

கணக்குக்கு மொழி தேவையில்லை என்போர் ஆங்கிலக் கணக்குப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்க்கட்டும். எஞ்சியது எத்தனை என்று கேட்க ஆங்கிலத்தில் வரும் 'லெஃப்ட்' என்னும் சொல்லே இடப்பக்கத்தையும் குறிக்கும். 'டேபிள்' என்றால் மேசையும் ஆகும், வாய்பாடும் ஆகும். ஸ்பானிய மொழியிலோ அவற்றுக்கு வெவ்வேறு சொற்கள். 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்பதைச் சொல்லின் வரிசைப்படி எழுதும் மாணவன் 5 − x என்று எழுதுவான். சரியான விடை x − 5. 'ஓர் எண்ணைவிட 5 குறைவு' என்னும் தமிழில் எண் முன்னே வருவதால் நம் பிள்ளைக்கு அந்த இடறல் இல்லை. இடறிய பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று மதிப்பெண் ஏடு சொல்லும். அது பொய்!

எண்களின் பெயரும் அப்படியே. பதினொன்றைச் சீனர் 'பத்து ஒன்று' என்பர். ஆங்கிலத்தின் 'லெவன்' அந்தப் பத்தை மறைத்துவிடுகிறது. நாம் இலட்சம் என்று அடுக்குவதுபோல் சீனர் பத்தாயிரத்தை அலகாக வைத்து அடுக்குவர். மில்லியன் அவர்க்கு நூறு பத்தாயிரம். ஆங்கிலப் பில்லியன் ஆயிரம் மில்லியன்; ஸ்பானியப் பில்லியனோ பத்து இலட்சம் மில்லியன்!

இதை உணராமல் "முதலில் ஆங்கிலம், பிறகு கணக்கு" என்றனர் சிலர். அரிசோனா மாநிலம் 2008 முதல் இப்பிள்ளைகளை நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஆங்கிலத்துக்கென்றே பிரித்து உட்காரவைத்தது. மற்றப் பாடங்களுக்கு மிஞ்சிய நேரம் எவ்வளவு? 2019இல்தான் சட்டம் தளர்ந்தது. கனடாவின் அறிஞர் ஜிம் கம்மின்ஸ் விளையாட்டுத்திடல் பேச்சும் பாடமொழியும் வேறு வேறு என்று 1979இலேயே எடுத்துக்காட்டினார். பேச்சு இரண்டு ஆண்டில் வரும். பாடமொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்பது அவர் கணிப்பு. அத்தனை ஆண்டுகள் கணக்கு காத்திருக்குமா?

காத்திருக்கத் தேவையில்லை என்று காட்டியது பின்வந்த ஆய்வு. ஆராய்ச்சியாளர் ஜூடித் மோஷ்கோவிச் 1999இல் எழுதிய கட்டுரையில் வகுப்பறை உரையாடல்களைக் கூர்ந்து நோக்கினார். சொல் தவறினும் பிள்ளை சொல்லவந்த கணக்குக் கருத்தை ஆசிரியர் செவிமடுக்க வேண்டும் என்றார். இன்றைய பயிற்சிகள் அந்த வழியில் செல்கின்றன. கேள்வியை மூன்றுமுறை படிக்கச் செய்தல்: முதலில் கதை என்ன, அடுத்து கேட்பது என்ன, பிறகு அளவுகள் எவை. தாய்மொழியில் சிந்திக்கவும் தோழனோடு பேசவும் இடம் தருதல். பிள்ளையின் திக்கும் சொல்லைத் திருத்தமான சொல்லில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொன்னாய்?" என்று கேட்டல். எல்லாவற்றுக்கும் மேலாக, மொழி குறைந்தவனுக்கு எளிய கணக்கு போதும் என்று எண்ணாதிருத்தல். இவை தாமாக வருவன அல்ல, கற்றால்தான் வரும்.

இதை ஏன் இங்கு எழுதுகிறோம்? செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் மகள் நம் வகுப்பில் இருந்தாள். 'மீதி எத்தனை?' என்ற கணக்கில் அவள் பலகை வெறுமையாக இருந்தது. கணக்கு வராத பெண் என்று முடிவுகட்டினோம். ஒருநாள் பன்னிரண்டு புளியங்கொட்டைகளை வைத்து ஐந்தை எடுத்துக்கொண்டு, கையசைத்துக் கேட்டோம். இமைக்கும் முன் ஏழு விரல் காட்டினாள்! அவளுக்குக் கழித்தல் தெரியும். 'மீதி' என்ற சொல்தான் தெரியாது. அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லித்தரத் தெரியாதவர்கள் நாம். ஆசிரியப் பயிற்சியில் எவரும் நமக்கு அதைக் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

எண்ணையும் எழுத்தையும் இரு விழிகளாகக் கண்டவர் வள்ளுவர். ஒரு விழியை மூடிக்கொண்டு மறுவிழியால் நன்றாகப் பார் என்று பிள்ளையிடம் சொல்வது கல்வியாகாது. தாய்மொழியின் அருமை பேசும் தமிழ்நாட்டில், பிறமொழிப் பிள்ளை ஒன்று வாய்மூடி அமர்ந்திருந்தால் அந்த அமைதிக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே. நம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் இதையும் ஒரு பாடமாக வைக்கட்டும். அறுபது மணி நேரமாயினும் வைக்கட்டும்!