பேரை மாத்த முடியாத வண்டு

போன வாரம் ஆபீஸ்ல ஒரு வேரியபிளுக்குப் பேர் வைக்க நாலு பேர் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். அந்தக் கடுப்பிலதான் இந்த எபிசோட்.

ஸ்லோவேனியா நாட்டுக் குகைகள்ல ஒரு தரைவண்டு இருக்கு. சுமார் அஞ்சு மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், கண்ணே கிடையாது. தலைமுறை தலைமுறையா இருட்டிலேயே வாழ்ந்ததுல பார்வை தேவைப்படாமப் போச்சு. 1933-ல அது ஆஸ்கர் ஷைபெல் என்ற ஆஸ்திரியப் பூச்சி சேகரிப்பாளர் கைக்கு வந்தது. அதுவரை யாரும் விவரிக்காத இனம். 1937-ல அவர் வெளியிட்ட பேர், அனாஃப்தால்மஸ் ஹிட்லரி. முதல் பாதிக்கு 'கண்ணில்லாதது'னு அர்த்தம். ரெண்டாவது பாதியை நான் விளக்க வேணாம். நக்கல் இல்லைங்க, நிஜமாவே மரியாதைக்கு வச்சது. நாலே வருஷத்துல, 1941-ல, ஜெர்மன் படை அந்த மண்ணுக்குள்ளேயே நுழைஞ்சது.

புது இனம்னு அறிவிக்க என்ன பண்ணணும்? ஒரு மாதிரியை 'ஹோலோடைப்'னு குறிச்சுப் பத்திரப்படுத்தணும். நெருங்கிய இனங்கள்ல இருந்து எப்படி வேறுபடுதுனு எழுதணும். வண்டுகள்ல பல சமயம் ஆணோட இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்புல பார்த்துதான் முடிவு பண்றாங்க. அப்புறம் பிரசுரிக்கணும். பேர் மட்டும் எழுதறவர் இஷ்டம். தொடை புடைச்ச ஒரு தரைவண்டுக்கு டெர்ரி எர்வின் 2002-ல 'ஆக்ரா ஸ்வார்ஸ்நெகரி'னு வச்சார்! ஆனா ஒருமுறை முறைப்படி வெளியாயிட்டா, முதல் பேருக்குத்தான் முன்னுரிமை.

ஹிட்லர் செத்தார், நாஜி ஆட்சி போச்சு, பேர் அப்படியே நிக்குது. இன்னிக்கு நாஜி நினைவுப்பொருள் சேர்க்கிறவங்க இந்த வண்டுக்குப் பணம் கொட்டறாங்க. குகைகள்ல திருட்டுத்தனமா பொறி வைக்கிறாங்க. மியூனிக் மியூசியத்துல இருந்த மாதிரிகள்லயே பெரும்பாலானவை திருடு போனதா செய்தி வந்தது.

மாத்திட வேண்டியதுதானே? விலங்குப் பேர்களுக்கு விதி போடற சர்வதேச ஆணையத்தோட உறுப்பினர்கள் 2023-ல ஒரு கட்டுரையில தெளிவா எழுதினாங்க: நெறி சார்ந்த காரணத்துக்காகப் பேரை மாத்த ஆரம்பிச்சா நிலைத்தன்மை போயிடும்.

எனக்கு அந்தப் பயம் புரியுது. எச்டிடிபி-ல 'ரெஃபரர்' ஹெட்டரோட ஸ்பெல்லிங்ல ஒரு 'ஆர்' விட்டுப்போச்சு. உலகமே அந்தத் தப்போட ஓடுது, யாரும் கை வைக்கல. ஆனா விட்டுப்போன அந்த 'ஆர்' யாரையும் கொல்லல. இந்தப் பேர் திருடனைக் குகைக்குள்ள கூட்டிட்டு வருது. தாவரவியல்காரங்க 2024 மாட்ரிட் மாநாட்டுல வாக்கெடுத்து, ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தற 'காஃப்ரா'வை 'ஆஃப்ரா'னு மாத்தினாங்க. இருநூறுக்கும் மேல இனங்கள், ஒரே எழுத்து.

விலங்குப் பக்கம் இன்னும் ஹிட்லரிதான்.