வாயில் வைக்காத கரண்டி

ஊர் நினைவாக வெள்ளிக் கரண்டி வாங்கும் மோகத்தை அமெரிக்காவில் கிளப்பியது சேலம். நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். 1890-91 வாக்கில் டேனியல் லோ என்ற நகை வியாபாரி காம்பில் சூனியக்காரி உருவம் வைத்த கரண்டியை விற்றார்.

மெட்ராஸ் அதற்கும் முந்தி. 1840களில் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ், வெள்ளைக்காரர்களின் தேநீர்ப் பாத்திரங்களில் கோயில் உருவங்களை இறக்கியது. அந்த வேலைப்பாட்டுக்கு 'சுவாமி' என்றே பெயர். 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கும் அந்தப் பாணித் தேநீர் செட் போனது.

ஐரோப்பாவில் காம்பு முனையில் அப்போஸ்தலரை வைத்து, ஞானஸ்நானப் பரிசாகக் கொடுப்பார்கள். மெட்ராஸ் கரண்டியில் அதே முனையில் சாமி. சாப்பாட்டு மேசைக்குச் சாமியா? எச்சில் படுமே! நம் வீடுகளில் யாரும் வாயில் வைக்காத கரண்டி அது. வாங்கியவருக்கு உறுத்தியிருக்காது. ஆனால் அதைச் செய்த ஆசாரிக்கு?

2017இல் மூடப்படுவதற்கு முன், சுங்கை ரோடு சந்தையில் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது. முனையில் குழலூதும் கிருஷ்ணர். கட்டைவிரல் நகம் அளவுதான், விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரியும். புக்கிட் பாத்தோக் வீட்டில் லென்ஸ் வைத்துப் பின்பக்கம் பார்த்தேன். 'ஓர்' என்ற கம்பெனி முத்திரை மட்டும் இருந்தது.