அந்தமானில் நிலைத்த வேளாண்மை ஆய்வு: முனைவர் பட்ட மாணவர்களுக்கு உள்ள நிதியுதவிகள் எவை?

மின்னி பே (ஸ்ரீ விஜயபுரம்): 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலப்பரப்பே தாழ்ந்தது. அதனால் சிப்பிகாட் போன்ற தாழ்வான பகுதிகளின் வயல்களில் கடல்நீர் புகுந்து தேங்கியது. அத்தகைய நிலங்களில் மீண்டும் பயிரிடுவது எப்படி என்பது தீவுகளின் வேளாண் ஆய்வில் இன்றும் முதன்மையான கேள்வியாக உள்ளது.

ஸ்ரீ விஜயபுரத்தின் காராசர்மாவில் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இதற்காக அகலப் பாத்தி-வாய்க்கால் முறையைப் பரவலாக்கியது. வயலின் ஒரு பகுதியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொண்டு பக்கத்தில் மேட்டுப்பாத்தி அமைக்கப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. பெய்யும் மழை, பாத்தியின் உப்பைக் கழுவி இறக்குகிறது. பாத்தியில் காய்கறிகளும், வாய்க்காலில் நெல்லும் மீனும் வளர்க்கப்படுகின்றன. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் ஈரம் ஆவியாகும்போது உப்பு மீண்டும் மேலேறக்கூடும். எனவே, ஒரு பருவத்து அளவீட்டை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. பல ஆண்டுகள் களத்தில் இருக்க வேண்டிய இப்பணி, முனைவர் பட்ட மாணவருக்கு இயல்பாகப் பொருந்துவதாகும்.

அவருக்கான பணம் எங்கிருந்து வரும்? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அகில இந்திய நுழைவுத்தேர்வின் தரவரிசைப்படி முனைவர் பட்டச் சேர்க்கையும் உதவித்தொகையும் வழங்குகிறது. பல்கலைக்கழக அளவில் முதுநிலையில் முதலிடம் பெற்றோர், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதில் 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000, பின்னர் ரூ.42,000 வழங்கப்படுகிறது. நிக்கோபாரி உள்ளிட்ட பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய உதவித்தொகை உள்ளது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 750 பேர் இதற்குத் தேர்வு செய்யப்படுகின்றனர்.

இவை பெரும்பாலும் மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கானவை. ஆய்வுச் செலவுக்கென இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு வழங்கப்படுவது ரூ.20,000 மட்டுமே. மண் மாதிரிப் பரிசோதனை, தீவுகளுக்கிடையிலான கப்பல் பயணம், விவசாயியின் நிலத்தில் பாத்தி அமைக்கும் கூலி ஆகியவற்றுக்கு இத்தொகை போதாது. நிக்கோபார் தீவுகளுக்குச் செல்ல, 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் முன்அனுமதியும் பெற வேண்டும். இதனால் எஞ்சிய செலவுக்கு, வழிகாட்டிப் பேராசிரியரின் ஆய்வுத் திட்ட நிதியையே மாணவர் நம்பியிருக்க நேரிடுகிறது. அந்தத் திட்டம் முடிந்தால் களப்பணியும் நின்றுபோகலாம்.

அமெரிக்காவில் 1988 முதல் செயல்படும் நிலைத்த வேளாண் ஆராய்ச்சி, கல்வித் திட்டம் வேறு வழியைக் கையாள்கிறது. நான்கு மண்டலங்களாக இயங்கும் அத்திட்டத்தில், பட்டமேற்படிப்பு மாணவர்களின் ஆய்வுக்கென்றே தனி நிதி உண்டு. நுழைவுத்தேர்வு தரவரிசை அங்குக் கேட்கப்படுவதில்லை. மாணவர் முன்வைக்கும் ஆய்வுக் கேள்வியும் அது விவசாயிக்குப் பயன்படும் விதமுமே பரிசீலிக்கப்படுகின்றன.

தீவு மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன், உதவித்தொகையில் ஆய்வுச் செலவுக்கு ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு, களப்பயணச் செலவை எந்த நிறுவனம் ஏற்கும் என்ற இரண்டையும் வழிகாட்டியிடம் எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்துகொள்வது நல்லது.